தோலுறையும் தையலும்

கத்தியைச் செய்பவனுக்குக் கிடைக்கும் பெயர் அதன் உறையைச் செய்பவனுக்குக் கிடைப்பதில்லை. நூதனசாலைகளிலே வாளுக்கும் குறுவாளுக்கும் விளக்கம் எழுதி வைப்போர், அருகே கிடக்கும் உறையைப் பெரும்பாலும் 'தோலுறையுடன்' என்னும் ஒரு சொல்லோடு முடித்துவிடுவர். ஆயினும், கத்தியை அன்றாடம் இடுப்பிற் கட்டித் திரியும் வேட்டைக்காரனுக்கும் மீனவனுக்கும் காட்டில் மரந்தறிப்பவனுக்கும் ஓர் உண்மை நன்கு தெரியும். தீட்டிய அலகுக்கும் தன் தொடைக்கும் இடையே நிற்பது அந்த உறை ஒன்றே. தோல் எவ்வளவு தடித்ததாயினும், அதனை உறையாக்குவது விளிம்பிலே ஓடும் தையலே. தையல் விட்டால் எஞ்சுவது இரண்டு தோற்றுண்டுகள்தாம்.

இத்தையல் கையால் இடப்படவேண்டுமா, இயந்திரத்தால் இடப்படவேண்டுமா என்பது தோல்வேலையில் ஈடுபாடுடையோரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் விவாதமாகும். கையால் தைத்ததே உறை, ஏனையவை சந்தைச் சரக்கு என்பர் ஒருசாரார். முறையாக அமைக்கப்பட்ட இயந்திரத்தின் தையல் எவ்விதத்திலும் குறைந்ததன்று, கைத்தையல் என்பது விலையை உயர்த்துவதற்கான ஒரு பெயரே என்பர் மறுசாரார். இருசாராரும் தையலைத் தனியே பிரித்தெடுத்து வாதிடுகின்றனரேயன்றி, தைக்கப்படும் பொருளை வேண்டிய அளவு நோக்குவதாகத் தெரியவில்லை. சேணமும் சப்பாத்தும் இடுப்புவாரும் உறையும் தோலால் ஆனவையே. எனினும் அவை தையலிடம் கேட்பவை ஒன்றல்ல.

முதலிற் கைத்தையலை நோக்கலாம். குதிரைச் சேணம் செய்வோர் பேணிவந்த முறையாதலின் அதனைச் சேணத்தையல் என்றழைப்பது பொருந்தும். அதற்கு வேண்டுவது ஒரே நூல். அந்நூலின் இரு நுனிகளிலும் இரண்டு ஊசிகள். ஊசிகளின் முனை மழுங்கியிருத்தல் வேண்டும்; துளையிடுவது அவற்றின் வேலையன்று. மரக்கவ்வியொன்றை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அதன் வாயிலே தோலைப் பிடிக்கச் செய்து, சாய்சதுர முனைகொண்ட குத்தூசியால் ஒரு துளை இடுவர். வலக்கை ஊசி ஒரு புறமிருந்தும் இடக்கை ஊசி மறுபுறமிருந்தும் அத்துளைக்குள்ளே புகுந்து ஒன்றையொன்று கடந்து செல்லும். இரு கைகளும் ஒரே வேளையில் விரிந்து நூலை இறுக்கும். பின்னர் அடுத்த துளை. தையல் ஓடும் நீளத்தைப்போல நான்கு மடங்குக்குக் குறையாத நூலை முதலிலேயே அளந்து, தேன்மெழுகு பூசிக்கொள்ளாவிடின் இடைநடுவே நூல் தீர்ந்துபோகும்.

இம்முறையின் சிறப்பு அதன் கட்டமைப்பிலேயே உள்ளது. ஒவ்வொரு துளையிலும் நூலின் இரு பாதிகளும் உள்ளன. அவை மாறிமாறி முன்னும் பின்னுமாகச் செல்கின்றன. வெளிப்புறத்தே ஒரு தையல் தேய்ந்து அறுந்தாலும், மற்றப்பாதி தோலை ஊடுருவியபடி தன் வழியே ஓடிக்கொண்டிருக்கும். கைத்தையலைப் போற்றுவோர் முதலாவதாகச் சுட்டுவது இதனையே. அது மெய்யுங்கூட.

இயந்திரம் இடுவது பூட்டுத்தையல். அதற்கு நூல்கள் இரண்டு. மேல்நூலை ஊசி தோலினூடே கீழே கொண்டுசெல்கிறது. அங்கே உருவாகும் கண்ணியினுள் பொபினிலுள்ள கீழ்நூல் நுழைகிறது. ஊசி மேலெழும்போது இரு நூல்களும் தோலின் தடிப்புக்குள்ளே ஒன்றையொன்று கொளுவி நிற்கின்றன. மேல்நூல் மேற்புறத்தைவிட்டு அகல்வதில்லை. கீழ்நூல் கீழ்ப்புறத்தைவிட்டு அகல்வதில்லை. ஆதலின் ஒரு புறத்து நூல் அறுமாயின், மறுபுறத்து நூல் பற்றிநிற்பதற்கு அவ்விடத்தில் எதுவுமில்லை. இழுவிசைகள் சமமாக அமைக்கப்படாதபோது நிலைமை இன்னும் மோசமாகும். கொளுவல் தோலின் நடுவே அமையாது ஒரு புறத்துக்கு இழுபட்டுவிடும். அப்புறத்து நூல் துளைகளுக்குள் இறங்காது, மேலே நேர்கோடாகக் கிடக்கும். நகத்தால் நெம்பினாலே அது கிளம்பிவரும்.

எனினும், பூட்டுத்தையலில் ஒரு கண்ணி அறுந்தவுடன் முழுவதும் உருவிக்கொண்டு போய்விடும் என்று சொல்லப்படுவது மிகைக்கூற்றே. துணிக்கு அது ஓரளவு பொருந்தலாம். தடித்த தோலிலே, மெழுகிட்ட நூல் இறுக்கமான துளைகளுக்குள் உராய்ந்து கிடக்கும்போது, அறுந்த முனை சட்டென்று நகர்வதில்லை. அடுத்தடுத்த தையல்கள் ஒவ்வொன்றாக, நாட்கணக்கில், மாதக்கணக்கில் தளர்ந்தே விடுகின்றன. கண்ணுள்ளவன் அதற்குள் அதனைக் கண்டு திருத்திக்கொள்ளலாம்.

இங்கேதான் உறையின் தனித்தன்மை குறுக்கிடுகின்றது. சேணத்தின் தையலும் வாரின் தையலும் இழுவையால் அழிகின்றன, புறத்தேய்வால் அழிகின்றன. உறையின் தையலுக்கோ அவற்றுக்கும் மேலாக ஒரு பகை அகத்திலேயே குடியிருக்கிறது. தோலை இரண்டாக மடித்து ஒரு விளிம்பிலே தைக்கும் உறையில் கத்தியின் கூரான பக்கம் அத்தையலையே நோக்கிக் கிடக்கும். ஒவ்வொரு முறை செருகும்போதும் உருவும்போதும் அலகு தையலை ஒரு சிறிது உரசிச் செல்லும். கண்ணுக்கு இருளிலே, இரு தோல்களுக்கும் நடுவிலே நிகழும் இந்த அறுப்பை வெளியிலிருந்து காணமுடியாது. கூரிய அலகின்முன் சேணத்தையலின் இரட்டைப் பாதை என்ன செய்யும்? துளைக்குள் இரு நூல்களும் ஒரே இடத்திற் கிடக்கின்றன. அலகு இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். பூட்டுத்தையலின் கொளுவலும் அதே நடுப்பகுதியிலேதான் இருக்கின்றது. இவ்வாபத்தின்முன் இரு தையல்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கின்றன என்பதை விவாதிப்போர் பலர் கருத்திற் கொள்வதில்லை.

அலகிடமிருந்து தையலைக் காப்பது வேறொன்று. விளிம்பு நெடுக, இரு தோல்களுக்கும் இடையே, ஒடுங்கிய தோற்கீற்று ஒன்றை வைத்து ஒட்டுவர். அலகு தையலை எட்டுமுன்னர் அக்கீற்றைச் சந்திக்கும். வெட்டுவதாயின் அதனையே வெட்டும். கத்தியின் தடிப்புக்கு ஏற்ப அக்கீற்றின் தடிப்பும், அலகின் வளைவுக்கு ஏற்ப அதன் வடிவும் அமையவேண்டும். உறையின் வாய்ப்புறத்தில் அதனைச் சற்று அகலமாக விடுவது நல்ல கைவினைஞரின் வழக்கம். ஏனெனில் அவசரமாகச் செருகும் கை தவறுவது அங்கேதான். நல்ல பசையும், போதிய கீற்றும், தையல் அமிழ்ந்து கிடப்பதற்காக மேற்பரப்பிலே சீவிய சிறு பள்ளமும் உள்ள இயந்திரத் தையலுறை ஒன்று, இவை எதுவுமின்றிக் கையால் அழகாகத் தைக்கப்பட்ட உறையைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. இரண்டு உறைகளை அருகருகே வைத்து விலைபேசும் ஒருவன் தையலின் சாய்வை நோக்குமுன் வாயை விரித்து உள்ளே கீற்று உண்டோ என நோக்குதல் நன்று.

போர்க்காலம் இதனை வேறு வகையிற் கற்பித்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினருக்கு 1943ஆம் ஆண்டு வழங்கத் தொடங்கிய எம்-3 என்னும் போர்க்கத்திக்கு முதலில் எம்-6 என்ற தோலுறை அளிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கிற் செய்யவேண்டிய பொருளாதலின் அது இயந்திரங்களின் வேலையாகவே இருந்தது. தையலை மட்டும் நம்பாது உலோகத்தாலும் அதற்கு வலுவூட்டினர். எனினும் போர் முடியுமுன்னரே அத்தோலுறை கைவிடப்பட்டு, செயற்கைப் பொருளாலான எம்-8 உறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தைப்பது கையா இயந்திரமா என்ற வினாவுக்கு அங்கே கிடைத்த விடை, தையலே வேண்டாம் என்பதாயிற்று.

இயந்திரத்தின் வரலாற்றிலும் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. தையல் இயந்திரம் துணிக்காகத் தோன்றிப் பின்னர் தோலுக்கு வந்தது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய திட்டங்களுள் ஒன்று, இங்கிலாந்தில் தோமஸ் செயின்ற் என்ற தளபாட வினைஞர் 1790ஆம் ஆண்டு ஆக்கவுரிமை பெற்ற இயந்திரம், தோலைத் தைப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. அதில் முதலில் ஒரு குத்தூசி இறங்கித் துளையிடும்; பின்னர் வேறோர் ஊசி நூலைக் கொணரும். சப்பாத்து வினைஞரின் இரு கருவிகளையும் அவர் அப்படியே இரும்பாக்கியிருந்தார். சப்பாத்து, மெருகெண்ணெய் முதலியவற்றோடு சேர்த்து அவ்வுரிமை பதியப்பட்டிருந்ததால் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. 1870களில் வில்லியம் நியூற்றன் வில்சன் என்பவர் அவ்வரைபடங்களைக் கண்டெடுத்து, சில மாற்றங்கள் செய்தபின்னரே அதன்படி ஓர் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். அது இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குச் சேர்ந்துள்ளது.

அதற்கிடையில் உலகம் வேறு வழிகளால் அவ்விடத்தை அடைந்துவிட்டது. பிரான்சிலே பார்த்தெலெமி திமொனியே 1830ஆம் ஆண்டு உரிமை பெற்ற சங்கிலித்தையல் இயந்திரங்களை, தம் பிழைப்புப் போய்விடும் என அஞ்சிய பாரிஸ் தையற்காரர் மறு ஆண்டே உடைத்தெறிந்தனர். எலியாஸ் ஹோ 1846இல் அமெரிக்காவில் உரிமைபெற்றது பூட்டுத்தையலுக்கு. 1858இல் லைமன் பிளேக் சப்பாத்தின் அடித்தோலை மேற்றோலோடு தைக்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். அதன்பின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் லின் போன்ற நகரங்களிலே, வீட்டோரக் கொட்டில்களில் நடந்த சப்பாத்துத் தொழில் முற்றாகத் தொழிற்சாலைக்குள் புகுந்தது. கைவினைஞன் கூலியாளானான். தோல்வேலையின் வரலாற்றிலே இயந்திரம் தந்த பேரடி அதுவே.

உறை செய்வோர் அவ்வடியிலிருந்து பெரிதும் தப்பியமைக்குக் காரணம் அவர்களது திறமையோ பிடிவாதமோ அன்று. உறையின் சிறுமையே ஆகும். சாதாரண வேட்டைக்கத்தி ஒன்றின் உறையிலே தையல் ஓடும் நீளம் இருபது சென்ரிமீற்றர் அளவினது. சென்ரிமீற்றருக்கு மூன்று தையல் என்று கொண்டால் அறுபது தையல்கள். பழகிய கைக்கு ஒரு தையலுக்கு அரை நிமிடம் போதும்; ஆக, அரைமணி நேர வேலை. இயந்திரம் அதனை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் என்பது மெய்தான். ஆனால் உறையின் ஏனைய வேலைகளுக்கு இயந்திரம் எவ்வகையிலும் துணைசெய்வதில்லை. தோலை வெட்டவேண்டும், கீற்றை ஒட்டி உலரவிடவேண்டும், நனைத்துக் கத்தியின் வடிவத்துக்கு அழுத்தி மீண்டும் உலரவிடவேண்டும், விளிம்பைத் தேய்த்து மெருகேற்றவேண்டும். ஓர் உறை இரண்டு நாட்களுக்குக் குறையாமற் கைவினைஞனின் மேசையிலே கிடக்கும். அவ்விரு நாட்களுள் அரைமணி நேரத்தை மீதப்படுத்துவதற்காகத் தடித்த தோலைத் தைக்கவல்ல பாரமான இயந்திரத்தை வாங்குவது, நாளொன்றுக்கு ஒரு சில உறைகளைச் செய்பவனுக்குக் கட்டாது. நூற்றுக்கணக்கிற் செய்பவனுக்கு, அந்த அரைமணிகள் கூடிக் கூலிக்கணக்காக நிற்கும். அவன் இயந்திரத்தை நாடுவதிலே குற்றங்காண இயலாது.

இயந்திரம் தோலிலே விட்டுச்செல்லும் வடுக்களையும் மறப்பதற்கில்லை. உறைக்கு ஏற்றது மரப்பட்டைச் சாற்றிற் பதனிட்ட தோல். குரோமிய உப்பிற் பதனிட்டதாயின் எஞ்சிய உப்புக்கள் அலகைத் துருப்பிடிக்கச் செய்யலாம். பட்டைச் சாற்றிற் பதனிட்ட தோலோ மெழுகைப்போன்று எந்த அழுத்தத்தையும் பதித்துக்கொள்ளும் இயல்பினது. நனைத்து வடிவமைக்க உதவும் அதே இயல்பு, இயந்திரத்தின் அழுத்துபாதமும் ஊட்டுபற்களும் படும்போது எதிராக வேலைசெய்கின்றது. மேலும், இயந்திரத்துக்குத் தொடுவுணர்வு கிடையாது. தோலின் தடிப்பு ஓரிடத்திற் கூடி ஓரிடத்திற் குறையும். கீற்று முடியும் இடத்தில் ஒரு படி இறங்கும். குத்தூசி பிடித்த கை அதனை உணர்ந்து சாய்வை மாற்றிக்கொள்ளும். தேர்ந்த இயந்திரக்காரர் அத்தகைய இடங்களில் மோட்டரை நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றி ஒவ்வொரு தையலாக இடுவதுண்டு. அதனை இயந்திரத்தையல் என்பதா, கைத்தையல் என்பதா?

இயந்திரத்தால் இயலவே இயலாத உறைகளும் உள்ளன. பின்லாந்து மக்களின் 'பூக்கோ' என்னும் கத்தியின் உறையில் விளிம்புத்தையல் கிடையாது. கத்தியின் அலகைக் காப்பதற்கான மரக்கூடு ஒன்றை உள்ளே வைத்து, நனைந்த மெல்லிய தோலை அதன்மேற் சுற்றி, இரு ஓரங்களும் பின்புறத்தே சந்திக்குமிடத்தில் ஈரம் உலருமுன் தைத்து இழுப்பர். உலரும்போது தோல் சுருங்கிப் பிடியின் பாதியையும் கவ்விக்கொள்ளும். உறைக்கு வேறு பூட்டோ வாரோ வேண்டுவதில்லை. அலகு மரத்துக்குள் இருப்பதால் அது தையலைத் தீண்டுவதே இல்லை. அகப்பகையை அந்நாட்டார் தையலை வலுப்படுத்தி வெல்லவில்லை. தையலை அலகின் வழியிலிருந்து அகற்றியே வென்றனர். உள்ளே பொருள் நிறைந்த ஒடுங்கிய குழாய்மீது சாதாரண இயந்திரத்தின் ஊசி எங்கே இறங்கும்? கையும் ஊசியுமே அங்கு வழி. கௌகாவா என்னும் ஊரில் 1879 முதல் பூக்கோ செய்துவரும் தொழிலகம் இன்றும் பெயர்பெற்று விளங்குகின்றது.

நேபாளத்துக் குக்ரியின் உறையும் இவ்வினத்ததே. இரு மரப்பாதிகளைப் பொருத்தி அவற்றின்மேல் தோல் போர்த்துவர். ஆனால் அங்கே வேறொரு செய்தியும் தைக்கப்பட்டிருக்கின்றது. மரபின்படி அலகை அடிப்போர் காமி சமூகத்தினர். தோல்வேலை செய்வோர் சார்க்கி சமூகத்தினர். இரு சமூகத்தாரையும் அந்நாட்டின் சாதியமைப்புத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கிவைத்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டக்கோவை சாதி வேற்றுமைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கியபோதிலும், தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் தனிச்சட்டம் 2011இலேயே வந்தது. உலகெங்கும் வீரத்தின் சின்னமாகக் கொண்டாடப்படும் கத்தியையும் உறையையும் செய்த கைகள், அவற்றை வாங்குவோரின் வீட்டு வாசலைத் தாண்ட இயலாதிருந்தன.

தமிழருக்கு இது புதிய கதையன்று. புறநானூற்றின் 82ஆம் பாட்டிலே சாத்தந்தையார், சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு பொருத விரைவுக்கு உவமையாகக் கொண்டது தோல்வாரைச் செலுத்தும் ஊசியையே. ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலை வாரால் பிணித்து முடிக்கவேண்டிய தொழிலாளியின் கையில் ஊசி பறக்கிறது. தோலூசியின் விரைவை இத்துணை நுணுகி அவதானித்த புலவர் வேறெவரும் உளரோ என்பது ஐயமே. ஆயினும் அத்தொழிலாளியைச் சுட்டுதற்கு அப்பாட்டு இழிந்தவன் என்னும் பொருள்படும் சொல்லையே கையாளுகின்றது. மன்னனின் போருக்கு அவன் கை உவமையாகலாம். அவன் மாத்திரம் உயர்ந்தோனாகலாகாது. அவனுடைய அவசரத்தின் காரணத்தையும் எண்ணிப்பார்க்கவேண்டும். கைத்தையல் அவனுக்கு அழகுணர்ச்சியின் வெளிப்பாடன்று. பிள்ளை பிறக்குமுன் வீடு திரும்ப முடியாமல் தடுக்கும் வேலை. அவன் கையிலே ஓர் இயந்திரம் கொடுக்கப்பட்டிருப்பின் அதனை அவன் மறுத்திருப்பான் எனக் கருதுவது கடினம்.

இன்று கைத்தையல் ஓர் உயர்பொருளாகிவிட்டது. குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாக 1837இல் பாரிஸில் தொடங்கிய ஹெர்மெஸ் நிறுவனம் தன் தோற்பைகளைச் சேணத்தையலால் தைப்பதைப் பெருமையாகக் கூறிக்கொள்கின்றது. அமெரிக்காவில் அல் ஸ்ரோல்மன் 1977இல் வெளியிட்ட கைத்தையல் பற்றிய நூல், சேணப் பட்டறைகளில் வாய்மொழியாகப் பயின்ற நுணுக்கங்களைப் படங்களோடு பொழுதுபோக்காளரின் மேசைக்குக் கொணர்ந்தது. பிழைப்பாக இருந்தபோது இகழப்பட்ட வேலை, ஓய்வுநேரக் கலையாக மாறியபோது மதிப்புப் பெற்றது. இவ்வகைக் கைத்தையலுறையை நோக்கி அதன் ஆயுளை வியப்போர், அதனை நாள்முழுதும் தைக்கும் ஒருவனின் சுண்டுவிரலை நோக்குவதில்லை. மெழுகிட்ட நூலை இறுக்கி இறுக்கி அவ்விரல் வெட்டுண்டு காய்ப்பேறிக் கிடக்கும். மணிக்கட்டும் தோள்மூட்டும் அதற்கும் முன்னரே முறையிடத் தொடங்கியிருக்கும். கைத்தையல் வேண்டும் என்போர் அந்த அரைமணி நேரத்துக்கு உரிய கூலியையும் சேர்த்தே வேண்டுதல் நியாயம். இயந்திரத்தையலின் விலைக்குக் கைத்தையலைக் கேட்பது கைவினையைப் போற்றுவதாகாது.

நூலைப் பற்றியும் ஒரு சொல். பழைய சேணக்காரர் கையாண்டது ஆளிச்செடியின் நாரில் திரித்த லினன் நூல். வட அயர்லாந்தின் லிஸ்பேர்ணை அடுத்த ஹில்டனில் பார்பர் குடும்பத்தினர் அந்நூலை நூற்று உலகெங்கும் அனுப்பினர். அவ்வாலை 2006இல் மூடப்பட்டது. இப்போது கைவினைஞரிற் பெரும்பாலோரும் பொலியெஸ்ரர் நூலையே பயன்படுத்துகின்றனர். ஈரத்தால் உழுத்துப்போவதில் லினனுக்கு ஈடாகப் பொலியெஸ்ரர் எதுவுமில்லை. அது கிடந்தபடியே கிடக்கும். ஆகவே பழைய உறைகள் பலவற்றின் தையல் விட்டமைக்குக் காரணம் தைத்த முறையன்று, நூல் உழுத்தமையே. கடலோரத்திலும் மழைக்காட்டிலும் திரிபவனுக்கு, எவ்வாறு தைக்கப்பட்டது என்பதினும் எதனால் தைக்கப்பட்டது என்பதே முதன்மையான வினாவாகும்.

இயந்திரத்தால் தைத்த உறையொன்றின் தையல் விட்டு, அது செப்பனிடுவதற்காகக் கொண்டுவரப்படும்போது நிகழ்வது இன்னொன்று. அதனை மறுபடி இயந்திரத்திலே கொடுப்பதில்லை. முன்னைய துளைகளிலேயே ஊசி மீண்டும் சரியாக இறங்கும் என்பதற்கு உறுதியில்லை. பிசகினால் பழைய துளைகளுக்கிடையே புதிய துளைகள் விழுந்து, தாளிலே கிழிப்பதற்காகக் குத்திய வரிசைபோல் விளிம்பு பலமிழந்துவிடும். ஆதலின் அறுந்த நூலின் எச்சங்களைக் குறட்டினாற் களைந்து, இரண்டு மழுங்கிய ஊசிகளை எடுத்து, இயந்திரம் இட்ட துளைகளின் வழியே கையாற் சேணத்தையல் போட்டு முடிப்பர். துளைகள் ஏற்கெனவே இருப்பதால் குத்தூசிக்கு அங்கே வேலை இராது.